விளைந்ததை மதிப்புக்கூட்டி விற்கப் போகிறீர்களா? கையைச் சுடும் தவறுகள்

"நம்ம நிலத்துல விளைஞ்சதுதானே" என்று மூலப்பொருளுக்கு விலையே போடாமல் கணக்குப் பார்ப்பதுதான், விளைச்சலைப் பொடி, எண்ணெய் என்று மாற்றி விற்பதில் மிகப் பெரிய தவறு. அன்றைக்கு அப்படியே விற்றிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ, அதுதான் அதன் விலை. வீட்டு ஆட்களின் கூலியும் அதே மாதிரிதான்.

தக்காளியையே எடுத்துக்கொள்வோம். 100 கிலோவில் ஏறக்குறைய 94 கிலோ தண்ணீர். நன்றாகக் காய்ந்தபின் மிஞ்சுவது ஆறேழு கிலோ; அழுகலும் காம்பும் கழித்தால் அதுவும் குறையும். ஆக, ஒரு கிலோ பொடிக்குள் குறைந்தது 15 கிலோ பழத்தின் விலை அடங்கியிருக்கிறது. எரிபொருள், கூலி, பாக்கெட், வண்டி வாடகை, விற்காமல் திரும்பி வரும் சரக்கு எல்லாம் அதற்கு மேல்தான். இவ்வளவும் போய்க் கையில் ஏதாவது நின்றால் செய்யுங்கள். நிற்காவிட்டால் பழமாகவே விற்றுவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எடுத்த எடுப்பில் கடன் வாங்கி இயந்திரம் இறக்குவது அடுத்த தவறு. அறுவடை சில வாரங்களில் முடிந்துவிடும்; தவணை வருஷம் முழுக்க வரும். முதல் பருவத்தில் கூலிக்கு அரைத்துக் கொடுப்பவரிடம் போங்கள். வாங்குவதானால், பக்கத்து விவசாயிகளோடு சேர்ந்து வாங்குவது மேல்.

சரக்கைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரம். கையில் எடுத்துப் பார்த்துக் 'காய்ஞ்சிடுச்சு' என்று மூட்டை கட்டுகிறோம், உள்ளே பூஞ்சணம் பிடிக்கிறது. மக்காச்சோளம் 13 சதவீத ஈரத்துக்கும், உரித்த நிலக்கடலை 7 சதவீதத்துக்கும் வர வேண்டும். ஈரமானி இல்லையென்றால், உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் நன்கு காய்ந்த உப்போடு கொஞ்சம் தானியத்தைப் போட்டுச் சில நிமிடம் குலுக்குங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் என்று அர்த்தம். மறுபடி வெயிலில் போட வேண்டும். ஒட்டாவிட்டாலும் 15-க்குக் கீழே என்றுதான் தெரியும், நிலக்கடலைக்கு அது போதாது.

பூஞ்சணம் பிடித்த கடலையை 'எண்ணெய்க்கு ஆகும்' என்று ஒதுக்குவதும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அதில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் நச்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கி, மாடு தின்றால் பாலுக்கும் வந்துவிடும்.

அரைத்த சூட்டோடு பொடியைப் பாக்கெட்டில் அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டும், ஆறவிட்டு அடையுங்கள். எண்ணெயை வெளிச்சம் படும் பாட்டிலில் வைத்தால் சீக்கிரம் சிக்கு வாடை வரும். காய்கறியைப் பாட்டிலில் அடைப்பவர்கள் புளிப்பை அளந்தே ஆக வேண்டும்: பிஎச் (புளிப்பு குறையக் குறைய ஏறும் அளவு) 4.6-க்கு மேல் இருந்தால், உயிருக்கே ஆபத்தான பாட்டுலிசம் கிருமி காற்றுப் புகாத பாட்டிலுக்குள் வளர இடமிருக்கிறது. உரிமம், லேபிள் விதிகளை அச்சடிக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

'ஆறு மாதம் கெடாது' என்று குத்துமதிப்பாக லேபிளில் போடுவதும் தவறுதான். ஒவ்வொரு முறை தயாரிக்கும்போதும் சில பாக்கெட்டுகளைத் தேதி எழுதி எடுத்து வைத்து, மாதம் ஒன்றாகப் பிரித்து நிறம், வாசனை, ருசி பாருங்கள். எந்த மாதம் மாறுகிறதோ, அதற்கு ஒரு மாதம் முந்தைய தேதியை லேபிளில் போடலாம்.