மெட்டல் டிடெக்டர் வாங்கும் முன், மாற்றும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் குண்டு எங்கே கிடக்கிறது என்று டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை. டெலிபோன் புகழ் அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு கருவியோடு வந்தார். இன்றைய மெட்டல் டிடெக்டருக்கு முன்னோடி அது. சோதனைகளில் நன்றாக வேலை செய்த கருவி, அதிபரின் கட்டிலருகே கைவிட்டது. மெத்தைக்குள் எஃகு ஸ்பிரிங்குகள் இருந்தன. போதாக்குறைக்கு, குண்டு வலப்பக்கம்தான் என்று நம்பிய தலைமை மருத்துவர் அங்கே மட்டுமே தேட விட்டார். குண்டு இருந்ததோ இடப்பக்கம்.

மண்ணில் நாணயமும் மோதிரமும் தேட மெட்டல் டிடெக்டர் வைத்துக்கொண்டு, "என் மெஷின் சரியில்லை, பெரியதாக ஒன்று வாங்கப் போகிறேன்" என்று சொல்பவர்களில் பாதிப் பேரின் கதை இதுதான். குறை இடத்தில் இருக்கும், தேடும் முறையில் இருக்கும். பழி மட்டும் மெஷின் மேல் விழும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, விலை கூடினால் ஆழமும் கூடும் என்று நம்புவது. மெஷினின் அடியில் தட்டு போல இருக்கும் கம்பிச்சுருளான 'காயில்' அனுப்பும் காந்தப்புலம் தூரம் போகப் போக வேகமாகத் தேய்கிறது. மண்ணுக்குள் இருக்கும் நாணயத்திலிருந்து திரும்பி வருவதும் அதே வேகத்தில் தேய்கிறது. போக ஒரு தடவை, வர ஒரு தடவை. கணக்குப் போட்டால், ஆழம் இரண்டு மடங்கானால் சிக்னல் ஏறத்தாழ 64-இல் ஒரு பங்காகிவிடும். ஆகவே சுமாரான மெஷின் ஒரு நாணயத்தை 20 செ.மீ. ஆழத்தில் பிடிக்கிறது என்றால், பல மடங்கு விலையுள்ளது அதே மண்ணில் 40 செ.மீ. போய்விடாது. சில செ.மீ. கூடினாலே பெரிது. கூடுதல் பணம் வேறு வசதிகளுக்குப் போகிறது: ஆணிகளுக்கு நடுவே கிடக்கும் நாணயத்தைப் பிரித்துக் காட்டுவது, உப்பு ஈரமணலில் சும்மா சும்மா அலறாமல் இருப்பது, கை வலிக்காத எடை. இவை உங்களுக்குத் தேவையா என்பதுதான் கேள்வி.

அடுத்தது, எதைத் தேடப் போகிறோம் என்று முடிவு செய்யாமலே கடைக்குப் போவது. வழக்கமான வி.எல்.எஃப் (மிகக் குறைந்த அலைவரிசை) வகை மெஷின்களில் 5 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய குறைந்த அலைவரிசை, வெள்ளி நாணயம் போல மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் பொருள்களுக்கு ஏற்றது. பொடிப்பொடியான தங்கக் கட்டிகளுக்கு 40 கிலோஹெர்ட்ஸும் அதற்கு மேலும் வேண்டும். இரும்புத்தாது மிகுந்த செம்மண்ணிலும் கடலோரத்திலும், காந்தப்புலத்தை விட்டு விட்டுத் துடிப்பாக அனுப்பும் பல்ஸ் இண்டக்‌ஷன் வகை அசராமல் வேலை செய்யும். ஆனால் இரும்பு எது, மற்றது எது என்று பிரித்துச் சொல்வதில் அது மட்டம். குப்பை நிறைந்த பூங்காவுக்கு அதை எடுத்துப் போனால் நாள் முழுக்க ஆணிதான் தோண்டுவீர்கள்.

"மோதிரம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை" என்ற புலம்பலுக்கும் பெரும்பாலும் மெஷின் காரணமில்லை. குப்பை வேண்டாம் என்று டிஸ்கிரிமினேஷனை, அதாவது வேண்டாத உலோகங்களை ஒதுக்கும் அமைப்பை, ஏற்றி வைத்திருப்பார்கள். அலுமினியத் தாளும் பான டப்பாவின் இழுப்பு வளையமும் திரையில் காட்டும் அதே எண்களில்தான் பல தங்க மோதிரங்களும் வரும். ஒன்றை ஒதுக்கினால் இன்னொன்றும் போச்சு. சென்சிட்டிவிட்டியை உச்சத்தில் வைப்பது இன்னொரு பழக்கம். பக்கத்து மின்கம்பி, சட்டைப்பையில் இருக்கும் போன் என எல்லாவற்றுக்கும் கத்தும் மெஷினில் உண்மையான சிக்னல் எங்கே காதில் விழும்? கொஞ்சம் இறக்கி, கிரவுண்ட் பேலன்ஸ் செய்து (மண்ணிலுள்ள தாதுக்களுக்குக் கத்தாதபடி மெஷினைச் சரிசெய்து), காயிலைத் தரைக்கு இணையாக நிதானமாக ஆட்டிப் பாருங்கள். பழைய மெஷினே புதிதாகத் தெரியும்.

சிலருக்கு வேண்டியது புது மெஷின் அல்ல, புது காயில். அதிலும் பெரியதே நல்லது என்று பாய வேண்டாம். பெரிய காயில் பெரிய பொருளுக்கு ஆழம் தரும், ஆனால் அருகருகே கிடக்கும் இரண்டைக் குழப்பிவிடும், சின்னதைத் தவறவிடும். குப்பை மண்டிய இடத்தில் 6 அங்குலக் காயில்தான் ராஜா. அப்புறம், ஒரு பின்பாயிண்டர், அதாவது கையடக்கமான குட்டி டிடெக்டர். தோண்டிய மண்ணுக்குள் பொருளைத் தேடித் துழாவும் நேரத்தை அது வெகுவாகக் குறைக்கும்.

விளம்பரத்தில் தண்ணீர் புகாது என்று இருந்தால், காயிலுக்கு மட்டுமா, கண்ட்ரோல் பெட்டிக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். பல மெஷின்களில் காயிலுக்கு மட்டும்தான்.

பல மீட்டர் தூரத்திலிருந்தே தங்கம் இருக்கும் திசையைக் காட்டும் ஆண்டெனா கருவிகள் பக்கம் போகவே வேண்டாம். அது வெறும் ஏமாற்று. வெடிகுண்டு கண்டுபிடிக்கும் என்று ஈராக்குக்கு விற்கப்பட்ட ஏ.டி.இ. 651 இந்த ஜாதிதான். அதை விற்றவருக்கு 2013-இல் பிரிட்டன் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை விதித்தது.

சரி, மாற்றித்தான் ஆக வேண்டுமா? கடையில் காற்றில் நாணயத்தை ஆட்டிக் காட்டும் சோதனையை வைத்து முடிவு செய்யாதீர்கள். அங்கே மண்ணே இல்லை. வாங்க நினைக்கும் மெஷினை வைத்திருப்பவரோடு, தேட அனுமதியுள்ள ஓர் இடத்துக்குப் போங்கள். உங்கள் மெஷின் தயங்கும் சிக்னல் வந்தால் தோண்டாமல் நிறுத்தி, அதன் மேல் அவருடையதை ஆட்டச் சொல்லுங்கள். அப்புறம் தோண்டுங்கள். இப்படிப் பல சிக்னல்களில் அவருடையது தெளிவாகச் சொன்னதை உங்களுடையது சொல்லவில்லை என்றால் மாற்றலாம். பழையது வாங்குவதாக இருந்தால், மெஷினை ஓடவிட்டு, காயிலை அசையாமல் வைத்து, கேபிளை மட்டும் மெல்ல வளைத்துப் பாருங்கள். சத்தம் விட்டு விட்டு வந்தால் உள்ளே கம்பி அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். விலையைக் குறைத்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.