முதலில் டவர், பிறகு போன்: வீட்டுக்கு ஏற்ற நெட்வொர்க்கையும் கைபேசியையும் தேர்ந்தெடுக்கும் முறை

புதிய கைபேசி வாங்கப் போகிறவர்கள் கேமரா எத்தனை மெகாபிக்சல், ரேம் எத்தனை ஜிபி என்று என்னிடம் கேட்கும்போதெல்லாம், உங்கள் வீட்டுச் சமையலறையில் எந்த நெட்வொர்க்குக்கு டவர் கிடைக்கிறது என்றுதான் நான் திருப்பிக் கேட்கிறேன். பல ஆண்டுகளாகக் கைபேசிகளை வாங்கியும் மாற்றியும் ஒப்பிட்டும் பார்த்துவரும் எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. நெட்வொர்க்கை முதலில் முடிவு செய்துகொண்டு, அதன் அலைவரிசைகளைப் பிடிக்கக்கூடிய கைபேசியை அதன் பிறகே வாங்க வேண்டும்.

தென்காசிப் பக்கம் வசிக்கும் என் சித்தப்பா விலை உயர்ந்த கைபேசி ஒன்றை வாங்கினார். மாலை நான்கு மணிக்கே சார்ஜ் தீர்ந்துபோனதால் பேட்டரியில் கோளாறு என்று நினைத்து இரண்டு முறை சர்வீஸ் சென்டருக்கு அலைந்தார். நான் போய் அளந்து பார்த்தபோது, திண்ணையில் -88 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவை; எண் பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது) காட்டிய அதே கைபேசி, கான்கிரீட் தளம் போட்ட பின்கட்டுச் சமையலறையில் -116 காட்டியது. பார்வைக்கு இது 28 எண் வித்தியாசம்தான். ஆனால் இந்த அளவையில் 10 குறைந்தால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிவிடும் என்பதால், பின்கட்டில் கிடைத்தது திண்ணையில் கிடைத்ததில் ஏறக்குறைய அறுநூறில் ஒரு பங்கே. தொலைவில் இருக்கும் டவரை எட்டுவதற்குக் கைபேசி தன் முழுச் சக்தியோடு அலையை அனுப்ப வேண்டியிருந்தது. சூடும் சார்ஜ் இழப்பும் அதனால் வந்தவை. இரண்டாவது சிம் இடத்தில் வேறொரு நிறுவனத்தின் சிம்மைப் போட்டுப் பார்த்தேன். அதே இடத்தில் -97 கிடைத்தது. எண்ணை அந்த நிறுவனத்துக்கு மாற்றிய பிறகு அதே பேட்டரி இரவு வரை தாங்குகிறது.

இந்த அளவீட்டை யாரும் செய்துகொள்ளலாம். ஆண்ட்ராய்டு கைபேசியில் அமைப்புகளுக்குள் 'போனைப் பற்றி' என்ற பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் வலிமை எண்ணாகத் தெரியும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் இதற்கான பக்கம் திறக்கும். 4ஜியில் -95 வரை நல்ல சிக்னல். -105 வரை சமாளிக்கலாம். -110-ஐத் தாண்டினால் தொல்லை தொடங்கும். -120-க்கு அருகில் அழைப்பே நிற்காது. திரையின் மேல் ஓரத்தில் தெரியும் கோடுகளை வைத்து முடிவு செய்ய வேண்டாம்; எத்தனை டிபிஎம்முக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வைத்திருக்கிறார்கள். படுக்கும் அறை, சமையலறை, வேலை செய்யும் இடம் ஆகிய மூன்றிலும், அண்டை வீட்டாரிடமோ நண்பர்களிடமோ உள்ள வெவ்வேறு நிறுவன சிம்களைக் கொண்டு அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரவு எட்டு மணி அளவில் ஒரு முறை வேகத்தையும் சோதியுங்கள், ஏனெனில் சிக்னல் நன்றாக இருந்தும் கூட்டத்தால் இணையம் திணறுவது அந்த நேரத்தில்தான் தெரியவரும்.

ஒரே தெருவில் ஒரு நிறுவனம் நன்றாகவும் இன்னொன்று மோசமாகவும் இருப்பதற்கு டவரின் தூரம் ஒரு காரணம் என்றால், அலைவரிசை இன்னொரு காரணம். குறைந்த அலைவரிசை தொலைவுக்குச் செல்லும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். உயர்ந்த அலைவரிசை வேகம் தரும், ஆனால் சுவரைக் கண்டால் தளர்ந்துவிடும். ஜியோ 4ஜிக்கு 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளைப் பயன்படுத்துகிறது. 2022 ஆகஸ்ட் ஏலத்தில் 22 வட்டங்களிலும் (தொலைபேசிச் சேவைக்காக நாட்டைப் பிரித்திருக்கும் பகுதிகள்) 700 மெகாஹெர்ட்ஸை வாங்கியதால், அதன் 5ஜிக்கு 3300 மெகாஹெர்ட்ஸ் மட்டுமின்றிக் குறைந்த அலைவரிசையின் துணையும் இருக்கிறது. ஜியோவின் 5ஜி 4ஜியைச் சாராமல் தனித்து இயங்குவது. ஏர்டெல் 2022 அக்டோபரில் 5ஜியைத் தொடங்கியபோது 4ஜியைத் துணையாகக் கொண்ட முறையையே தேர்ந்தெடுத்தது. ஜியோவிடம் 2ஜி கிடையாது என்பதால் வோல்ட்இ (4ஜி வழியே பேசும் வசதி) இல்லாத பழைய கைபேசியில் அதன் சிம்மைப் போட்டால் சாதாரண அழைப்புகூடப் போகாது. அப்படிப்பட்ட பழைய பொத்தான் கைபேசி வைத்திருக்கும் தாத்தா பாட்டிக்கு ஏர்டெல், வோடஃபோன் ஐடியா போன்ற 2ஜி உள்ள நிறுவனங்களே இன்றும் பொருத்தம். பிஎஸ்என்எல், உள்நாட்டிலேயே உருவாக்கிய 4ஜி தொழில்நுட்பத்தை 2025 செப்டம்பரில் நாடு முழுவதுக்குமாகத் தொடங்கியது. அது 700, 2100 மெகாஹெர்ட்ஸில் இயங்குவதால், அந்த சிம்முக்காகக் கைபேசி வாங்குவோர் 4ஜி அலைவரிசைப் பட்டியலில் 28-ஆம் பேண்டு (700 மெகாஹெர்ட்ஸின் பெயர்) இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

எந்த நிறுவனமுமே வீட்டுக்குள் எட்டாவிட்டால், வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கும்பட்சத்தில் வைஃபை வழி அழைப்பை இயக்கிக்கொள்ளுங்கள். கடைகளில் விற்கும் சிக்னல் பூஸ்டரை அனுமதியின்றிப் பொருத்துவது சட்டவிரோதம். அது அக்கம்பக்கத்தாரின் சிக்னலையும் கெடுக்கும்.

நெட்வொர்க் முடிவான பிறகு கைபேசிக்கு வருவோம். அதன் அலைவரிசைப் பட்டியல் தயாரிப்பாளரின் இணையதளத்தில் மாடல் எண்ணோடு இருக்கும். பெயர் ஒன்றாக இருந்தாலும் நாட்டுக்கு நாடு பட்டியல் மாறும் என்பதால் இந்தியாவுக்கான மாடல் எண்ணையே தேடுங்கள். நம் வீடுகளில் இது முக்கியம், ஏனென்றால் அமெரிக்காவிலிருந்து வரும் அண்ணனோ அத்தை மகனோ ஐபோன் கொண்டுவருவது வழக்கமாகிவிட்டது. ஐபோன் 14 முதல் அங்கே விற்கப்படும் ஐபோன்களில் சிம் போடும் இடமே இல்லை, இசிம் (கைபேசிக்குள்ளேயே பதிந்திருக்கும் மின்னணு சிம்) மட்டும்தான். தவணையில் வாங்கியது என்றால் அந்த ஊர் நிறுவனம் அதைத் தன் சிம்முக்கு மட்டும் பூட்டி வைத்திருக்கலாம். அமைப்புகளில் 'ஜெனரல்', 'அபௌட்' என்று சென்று, கேரியர் லாக் என்ற இடத்தில் சிம் கட்டுப்பாடு ஏதும் இல்லை என்று காட்டுகிறதா என, அவர் விமானம் ஏறும் முன்பே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ஆண்ட்ராய்டா ஐபோனா என்ற விவாதத்தில் நான் கணக்கிடுவது எத்தனை ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பு வரும் என்பதைத்தான். 2018-இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆர் 2024-இன் ஐஓஎஸ் 18-ஐயும் பெற்றது. கூகுள் பிக்சல் 8 தொடரிலிருந்தும் சாம்சங் கேலக்ஸி எஸ்24 தொடரிலிருந்தும் 7 ஆண்டுகள் தருவதாக அறிவித்திருக்கின்றன. வங்கிச் செயலிகள் இயங்கும் கருவிக்கு இந்தப் பாதுகாப்பு, கூடுதல் ரேமைவிடப் பெரிது என்பதே என் தீர்மானம். அதே நேரத்தில், அருகிலுள்ள சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். திரை உடைந்தால் மதுரைக்கோ கோவைக்கோ ஒரு நாள் பயணம் போக வேண்டிய கைபேசியைச் சிற்றூரில் இருப்பவருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. பழைய கைபேசி வாங்குகிறீர்கள் என்றால், *#06# டயல் செய்து வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (கைபேசியின் தனி அடையாள எண்), முன்னால் கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிச் சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றும் வசதி இந்தியா முழுவதும் 2011 ஜனவரியில் வந்தது. தமிழ்நாட்டில் 1999-இல் தொடங்கிய ஏர்செல் 2018 பிப்ரவரி இறுதியில் திவாலுக்கு மனு செய்த நாட்களில், லட்சக்கணக்கானோர் தம் எண்ணைக் காப்பாற்றிக்கொண்டது இந்த வசதியால்தான். ஆங்கிலத்தில் போர்ட் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் எண்ணைச் சேர்த்து 1900-க்கு அனுப்பினால் 8 எழுத்துள்ள குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது 4 நாட்களுக்கே செல்லுபடியாகும். அதற்குள் புதிய நிறுவனத்தின் கடையில் ஆதாரோடு விண்ணப்பித்தால், ஒரே வட்டத்துக்குள் 3 வேலை நாட்களிலும் வேறு வட்டத்துக்கு 5 வேலை நாட்களிலும் மாற்றம் முடியும். இப்போதுள்ள நிறுவனத்தில் 90 நாட்கள் முடிந்திருக்க வேண்டும், போஸ்ட்பெய்டு பில் பாக்கி இருக்கக் கூடாது. தொலைந்த சிம்முக்கு மாற்று சிம் வாங்கியிருந்தால் அதன்பின் 7 நாட்கள் காத்திருக்க வேண்டும். மாறிய பிறகும் அடுத்த 90 நாட்களுக்கு வேறெங்கும் போக முடியாது என்பதால், புதிய நிறுவனத்தின் தனி சிம் ஒன்றை ஒரு மாதம் இரண்டாவது இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டே விண்ணப்பியுங்கள். மாற்றம் நடக்கும் வரை பழைய சிம்மைக் கழற்ற வேண்டாம். அதில் டவர் முழுவதும் போனதும் புதியதைப் போடுங்கள், வங்கி ஓடிபி தேவைப்படும் வேலை எதையும் அந்த நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள்.