பட்டறை கெடுத்த பாகமும் அதற்கப்புறம் செய்ய வேண்டியதும்

என் பழைய பிரிட்டிஷ் கார் மோரிஸ் மைனரின் கதவுக் கைப்பிடிகள் இரண்டும் குரோம் பூசப் போய் ஏழு வாரம் கழித்துத் திரும்பி வந்தன. பொட்டலத்தைப் பிரித்ததும் கண்ணைப் பறிக்கிற பளபளப்பு. விரலால் தடவியபோதுதான் விஷயம் தெரிந்தது. கூராக இருந்த விளிம்புகள் கரைந்த சோப்புக் கட்டி மாதிரி மழுங்கியிருந்தன. முலாமுக்கு அடியில் மிளகுப் பொடி தூவினதுபோல் குழிகள். கதவில் வைத்துப் பார்த்தால் அடிப்பகுதி ஒட்டி உட்காராமல் ஒரு பக்கம் இடைவெளி விட்டது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை.

நான் செய்த முதல் தப்பு, உடனே போன் போட்டுக் கத்தியது. இரண்டாவது தப்பு அதைவிடப் பெரியது. “கொடுங்க சார், சரி பண்ணித் தர்றேன்” என்று பட்டறைக்காரர் சொன்னதும் ஒரு கைப்பிடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மறுபடி முலாமை உரித்து, மறுபடி பளபளப்பாகத் தேய்க்கும் பஃபிங் சக்கரத்தில் பிடித்து, மிச்சமிருந்த உலோகத்தையும் தேய்த்து அனுப்பினார்கள். அதோடு என் கையிலிருந்த சாட்சியும் போயிற்று. ஆகவே, கெட்டுப்போன பாகத்தைக் கெடுத்த கையிலேயே உடனே கொடுக்காதீர்கள். உடைந்த துண்டு, திருகு, வாஷர் எதுவானாலும் கேட்டு வாங்கி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

அடுத்தது, என்ன நடந்தது என்று புரிந்துகொள்வது. இது இல்லாமல் பேசப் போனால் “உங்க சாமான் முதல்லயே அப்படித்தான் இருந்துச்சு” என்ற ஒரே பதிலில் வாயடைத்துப்போவீர்கள். அந்தக் காலத்துக் கைப்பிடி, பெயர்ச் சின்னம் போன்றவை பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. அதன் மேல் செம்பு, பிறகு நிக்கல், கடைசியில் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான குரோம். இரும்பு பம்பருக்குப் பழகியவர்கள் அதே அமிலத் தொட்டியில் துத்தநாகத்தையும் போட்டுக் கொஞ்ச நேரம் மறந்தால் போதும், உலோகமே கரைய ஆரம்பிக்கும்.

இங்கே ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். பழைய துத்தநாக வார்ப்பில் குரோமுக்கு அடியில் அரிப்புக் குழிகள் முன்பே இருந்திருக்கலாம். உரித்த பிறகுதான் அவை வெளியே தெரியும். அந்தக் குழிக்குப் பட்டறையைக் குற்றம் சொல்ல முடியாது. உரித்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டாமல் மேலேயே பூசியது அவர்கள் தப்பு. விளிம்பு மழுங்கியதும் அவர்கள் கைவேலைதான். என் புகாரில் இந்த இரண்டையும் தனித்தனியாக எழுதினேன். எல்லாவற்றையும் சேர்த்து அவர்கள் தலையில் கட்டப் பார்த்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

சாட்சிக்கு நேர் வெளிச்சத்தில் எடுத்த படம் உதவாது. எல்லாமே பளபளவென்று அழகாகத் தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து, பக்கத்தில் அளவுகோலும் வைத்து எடுங்கள். குழியும் அலையும் தானே எழுந்து நிற்கும். அனுப்புவதற்கு முன் எடுத்த படம் என்னிடம் இல்லை. இதே மாடல் வைத்திருக்கும் நண்பர் தன் கைப்பிடியைக் கழற்றிக் கொடுத்தார். நுண்ணளவு பார்க்கும் வெர்னியர் கருவியில் இரண்டையும் அளந்தேன், தராசிலும் வைத்தேன். என்னுடையது 9 கிராம் குறைவு. அந்த 9 கிராம் பேசின அளவுக்கு நான் பேசவில்லை.

இன்ஜின் வேலையானால் அளவுதான் எல்லாம். சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்து எழுதி வாங்குங்கள். பிஸ்டனைக் கையில் கொடுக்காமல் போரிங்குக்கு, அதாவது சிலிண்டர் துளையைக் குடைந்து பெரிதாக்க, சிலிண்டர்கள் அடங்கிய பிளாக்கை மட்டும் அனுப்புவது வம்பை விலைக்கு வாங்குவது. அதிகமாகக் குடைந்துவிட்டாலும் அடுத்த பெரிய அளவு (ஓவர்சைஸ்) பிஸ்டனோ, துளைக்குள் செருகும் உலோகக் குழாயான ஸ்லீவோ போட்டு மீட்கலாம். அதனால் ‘பிளாக் போச்சு’ என்று பதறாதீர்கள். அந்தச் செலவைக் கேளுங்கள்.

அப்புறம், வேறொரு பட்டறையின் கருத்து. ஒரு பட்டறைக்காரர் இன்னொருவரைக் குறை சொல்லி எழுதித் தர மாட்டார், தொழில் தர்மம். “யார் கெடுத்தது என்று எழுத வேண்டாம், இப்போது என்ன நிலையில் இருக்கிறது, சரிசெய்ய எவ்வளவு ஆகும், அது மட்டும்” என்று கேட்டேன். அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார்.

அதை வைத்துக்கொண்டுதான் கடிதம். கோபத்தைக் கழித்துவிட்டு நான் எழுதியது இவ்வளவுதான்: “இன்ன தேதியில் இரண்டு கைப்பிடிகள் கொடுத்தேன். இன்ன தேதியில் இந்த நிலையில் பெற்றேன், படங்கள் இணைப்பு. முலாம் கூலியைத் திருப்பித் தர வேண்டும். வேறு இடத்தில் சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும், மதிப்பீடு இணைப்பு. 14 நாளில் பதில் தேவை.” ‘நஷ்ட ஈடு வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். தொகையைப் போடுங்கள்.

ரசீதின் அடியில் ‘சேதத்துக்குப் பொறுப்பல்ல’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து அடங்கிவிட வேண்டாம். அந்த ஒரு வரியாலேயே கவனக்குறைவு மன்னிக்கப்பட்டுவிடும் என்று பல நாட்டுச் சட்டங்கள் ஒப்புவதில்லை. பணம் கட்டினால்தான் பாகம் கிடைக்கும் என்றால், ‘வேலையில் குறை உண்டு, ஆட்சேபத்தோடு கட்டுகிறேன்’ என்று ரசீதிலேயே எழுதிக் கட்டுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் ஆட்சேபம் எழுப்பக் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். கடைசியாகத்தான் நுகர்வோர் மன்றம், சிறுதொகை வழக்கு எல்லாம்.

“புதுசு வாங்கித் தர்றோம்” என்றார்கள் முதல் பட்டறையில். 1970-களின் தொடக்கத்தோடு உற்பத்தி நின்ற வண்டி. கிடைப்பது நகல் பாகம். எனக்கு அது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இழுபறிக்குப் பிறகு கூலி முழுவதும் திரும்பியது, சரிசெய்யும் செலவில் பாதியும் வந்தது. பாதிக்கு ஒப்புக்கொண்டேன், குழிகள் என் பங்கு என்பதால்.

இரண்டாவது பட்டறை குழிகளைத் துருவிச் சுத்தம் செய்து, செம்பு பூசி, ஈயப்பற்று வைத்துத் தேய்த்து, மறுபடி செம்பு பூசித் தேய்த்து ஒரு கைப்பிடியை மீட்டது. இரண்டு முறை சக்கரம் கண்டதை ஒன்றும் செய்ய முடியவில்லை. அதற்குப் பதில் ஒரு பழைய அசல் கைப்பிடி தேடிப் பிடித்தேன். தேய்ந்ததைத் தூக்கிப் போடவில்லை. புதுப் பட்டறை எதற்குப் போனாலும் அதைப் பையில் போட்டுக்கொண்டு போய் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்கிறேன்.