ஊர் நோம்பிப் பாட்டுப் போட்டிக்கு நடுவராக உட்காருவது எப்படி?

போன வருடம் கோபி பக்கம் ஒரு கோயில் நோம்பியில் (திருவிழாவில்) நடுவராக உட்கார்ந்தேன். முதலில் பாடிய பெண் குழந்தைக்கு நாங்கள் மூன்று பேருமே 6 போட்டோம். இன்னும் நன்றாகப் பாடுகிறவர்கள் பின்னால் வருவார்கள் என்று நினைத்துக் கையை இறுக்கிக்கொண்டோம். நேரமாக ஆக கை இளகிவிட்டது. ராத்திரி வீட்டில் போன் பதிவைக் கேட்டபோது வயிற்றைப் பிசைந்தது. 22 பேரில் கடைசிவரை சுருதி விலகாமல் பாடியவள் அவள்தான். பரிசுப் பட்டியலில் அவள் பெயரே இல்லை.

அதற்கப்புறம் நான் கடைப்பிடிப்பது இது.

1. முதலில் ரேடியோசெட்காரரிடம் எக்கோவை நிறுத்தச் சொல்லுங்கள். "எக்கோ இல்லைன்னா பாட்டு எடுபடாதுங்க்கா" என்பார். விட்டுக்கொடுக்காதீர்கள். சுருதி சறுக்குவதையும் மூச்சு வாங்குவதையும் அது மூடிவிடும்.

2. கரோக்கியைக் கட்டாயமாக்காதீர்கள். டிராக் சினிமாப் பாடகரின் சுருதியில் இருக்கும். பெண்களுக்கு 5 கட்டையை (கட்டை என்பது ஆதார சுருதியின் உயரம்) ஒட்டியும் ஆண்களுக்கு 1, 1½ கட்டையிலும் பெரும்பாலும் சௌகரியமாக இருக்கும். குரல் உடையும் வயதுப் பையன் மேல் ஸ்தாயியை எட்ட முடியாமல் திணறினால் தப்பு டிராக்குடையது. எனக்குத் தம்புரா ஆப்தான் பிடிக்கும். அதில் அவரவர் கட்டையை வைத்துப் பல்லவியை மட்டும் பாடச் சொல்லுங்கள். குரல் முழுசாகத் தெரிந்துவிடும்.

3. சுருதி, தாளம், உச்சரிப்பு, பாவம் (உணர்ச்சி) என்று எல்லோரும் பிரிக்கிறபடி பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நம் பக்கம் வள்ளிக் கும்மி பாடி ஆடிப் பழகிய பிள்ளைகள் தொண்டையைத் திறந்து பாடுவார்கள், கமகம் (ஸ்வரங்களை அசைத்துப் பாடுவது) இருக்காது. "வெறும் சத்தம்" என்று மார்க்கைக் குறைப்பவர்கள் உண்டு. கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் பிறந்த மண்ணில் கணீர்க் குரலைக் குறையாக எழுத நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சந்தேகமாக இருந்தால், பிள்ளை தொடங்கும் ஸ்வரத்தைப் போனில் உள்ள கீபோர்டில் தொட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் அந்தத் தொடக்க வரி திரும்ப வரும்போது மறுபடி தொட்டுப் பாருங்கள். அதே இடத்தில் நின்றால் அந்தக் காது நல்ல காது.

4. நான் தடுக்கி விழுந்த இன்னொரு இடம் கூட்டல். இரண்டு நடுவர்கள் வள்ளிக்கு 8, தெய்வானைக்கு 7 போடுகிறார்கள் என்று வையுங்கள். மூன்றாமவர் தாராளமாக ஏற்றி இறக்குகிறவர். வள்ளிக்கு 4, தெய்வானைக்கு 9 போடுகிறார். கூட்டினால் வள்ளிக்கு 20, தெய்வானைக்கு 23. மூவரில் இருவருக்கு வள்ளிதான் பிடித்தது, ஆனாலும் தோற்றுவிட்டாள்! ஒரே ஒருவரின் பேனா முடிவை எழுதிவிட்டது. அதனால் மார்க்கைக் கூட்டாமல், ஒவ்வொருவரும் தன் தாளில் 1, 2, 3 என்று இடம் போட்டு அந்த இடங்களைக் கூட்டுங்கள். வள்ளிக்கு 1+1+2=4, தெய்வானைக்கு 2+2+1=5. குறைந்தவருக்குப் பரிசு.

5. பாடும் வரிசையைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். முதல் ஐந்து பேருக்குப் பென்சிலால் மட்டும் எழுதி, கடைசியில் பதிவைப் போட்டுக் கேட்டுத் திருத்துங்கள். பெல்ஜியத்தின் ராணி எலிசபெத் இசைப் போட்டியிலேயே, வரிசையைக் குலுக்கித்தான் போட்டும், பின்னால் வாசித்தவர்களுக்கு மேல் இடங்கள் கிடைத்துவந்ததை 1996இல் இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அங்கேயே அப்படியென்றால் நம் பந்தலில் சொல்ல வேண்டுமா?

பின்சேர்க்கை: தாராபுரத்திலிருந்து ஒரு தங்கை, "நடுவரோட மாணவியே போட்டியில நின்னா என்னங்க்கா பண்றது?" என்று கேட்டிருந்தார். அந்தப் பெண்ணுக்கு மட்டும் மார்க் போடாமல் விடலாம் என்று முன்பு எழுதியிருந்தேன், அது தப்பு. மூன்று தாளில் ஒன்று குறைந்தால் இடக் கூட்டலே கெட்டுவிடும். அந்த வயதுப் பிரிவு முழுவதற்கும் அவர் எழுந்துபோய் வேறொருவர் உட்கார வேண்டும். இதைப் போட்டியன்று காலையில் அல்ல, பெயர் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.