தலைப்பு மட்டும் சொன்னால் போதாது: குறுநாடகமும் தனிப்பேச்சும் பரிந்துரைக்கும்போது நேரும் தவறுகள்

"ஆண்டுவிழாவுக்கு நல்ல ஓரங்க நாடகமா ஒண்ணு சொல்லுங்க" என்று யாராவது கேட்டால், உடனே நாலு தலைப்புகள் வந்து விழும். நாலும் நல்ல நாடகங்களாகத்தான் இருக்கும். ஆனால் கேட்டவருக்கு வேண்டியது தன்னிடம் இருக்கும் ஐந்து பேரும், தனக்குக் கிடைத்த மேடையும், மீதமிருக்கும் பன்னிரண்டு ஒத்திகை நாளும் தாங்குகிற நாடகம். அதனால் பெயர் சொல்வதற்கு முன் திருப்பிக் கேட்க வேண்டும்: ஆண் எத்தனை பேர், பெண் எத்தனை பேர்? எத்தனை நிமிடம்? அரங்கமா, பந்தலா? பார்க்க வருகிறவர்கள் யார்? இதைக் கேட்காமல் தரும் பட்டியலில் பாதி, முதல் வாசிப்பிலேயே கைவிடப்படும்.

அடுத்த குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. நம் கல்லூரி விழாக்களில் 'மோனோ ஆக்டிங்' என்றால் ஒரே ஆள் அப்பா, மகன், டீக்கடைக்காரர் என்று பல பாத்திரங்களாக மாறி மாறி நடிப்பது. 'மோனோலாக்' எனும் தனிப்பேச்சு அப்படியல்ல. அதில் ஒரே பாத்திரம், ஒரே மனிதன், ஒரு சூழ்நிலைக்குள் நின்று பேசுகிறான். முதலாவதுக்குக் குரலும் உடலும் சட்டென்று மாற வேண்டும்; இரண்டாவதுக்கு ஒரே மனநிலை மெல்லத் திரியும் நுட்பம் வேண்டும். மோனோ ஆக்டிங் போட்டிக்குத் தனிப்பேச்சைக் கொண்டுபோனால், நன்றாக நடித்தும் மதிப்பெண் கிடைக்காது. விதித்தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் இளைஞர் விழாக்களில் ஓரங்க நாடகத்துக்கு 30 நிமிடம், நடிகர்கள் 9 பேர். ஸ்கிட் எனும் சிறு நகைச்சுவை நாடகத்துக்கு 10 நிமிடம், 6 பேர் என்பதே வழக்கமான வரம்பு. பதினோரு பாத்திர நாடகத்தை அங்கே பரிந்துரைத்துப் பயனில்லை.

நேரக் கணக்கில் ஏமாறாதவர்கள் குறைவு. 'ஒரு பக்கம், ஒரு நிமிடம்' என்ற கணக்கு ஆங்கிலப் பிரதிகளைச் சுற்றிப் பிறந்தது. தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் சொற்கள் குறையும், அசைகள் குறையாது. 1,000 ஆங்கிலச் சொற்கள் தமிழில் 700 ஆகலாம். பேச ஆகும் நேரம் சுருங்காது. மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 80 முதல் 100 தமிழ்ச் சொற்கள் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். அதைவிட நம்பகமானது, கைபேசியில் நேரம் வைத்து முழுப் பிரதியையும் உரக்கப் படிப்பது. வரும் நேரத்தோடு கால் பங்கு கூட்டுங்கள். நடை, மௌனம், சிரிப்புக்குக் காத்திருத்தல் எல்லாம் அதில் அடங்கும். படித்து எட்டு நிமிடம் வந்தால் மேடையில் பத்து. மனதுக்குள் படித்துவிட்டு "பத்து நிமிஷம்தான் வரும்" என்று சொல்வது பரிந்துரை அல்ல, ஊகம்.

தனிப்பேச்சைப் பொறுத்தவரை பெரிய தவறு, வசனம் அழகாக இருப்பதை மட்டும் பார்ப்பது. யாரிடம் பேசுகிறான், ஏன் இப்போது பேசுகிறான், பேச்சு முடியும்போது என்ன மாறியிருக்கிறது என்ற மூன்றுக்கும் பிரதியில் விடை இருக்க வேண்டும். நீண்ட நாடகத்திலிருந்து வெட்டியெடுத்த பேச்சுகள் இங்கேதான் தடுக்கி விழுகின்றன. எதிரே நின்று கேட்ட ஆள் வெட்டில் போய்விடுகிறான். நடிகர் அரங்கத்தின் பின்சுவரைப் பார்த்து உருக ஆரம்பிக்கிறார்.

ருஷ்ய எழுத்தாளர் செகாவின் 'புகையிலையின் தீங்குகள்' இந்த மூன்று கேள்விக்கும் நேரான பதில் வைத்திருக்கும் பிரதி. 1886-இல் எழுதி, கடைசியாக 1902-இல் திருத்தினார். மனைவியின் உத்தரவுக்காகச் சொற்பொழிவாற்ற வந்த ஒருவர், புகையிலையை விட்டுவிட்டுத் தன் வாழ்க்கையைப் புலம்பத் தொடங்குகிறார். கேட்பவர்கள் யார் என்ற சிக்கலே இல்லை. சொற்பொழிவுக்கு வந்த கூட்டமே அரங்கத்துக் கூட்டம். உச்சத்தில், போட்டிருக்கும் பழைய கோட்டைக் கழற்றி எறிந்து மிதிக்கிறார். பக்கத் திரையில் மனைவி வந்து நிற்பதைக் கண்டதும் அள்ளி மாட்டிக்கொண்டு மறுபடி சொற்பொழிவாளர் ஆகிவிடுகிறார். முழு நாடகமும் அந்தக் கோட்டில் இருக்கிறது. ஆகவே இதைப் பரிந்துரைக்கும்போது கோட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஒரு அளவு பெரியதாக, பொத்தான் போடாமல், மூன்று நொடியில் கழற்றி மாட்ட வருவதாக இருக்கட்டும், முதல் ஒத்திகையிலிருந்தே அணியட்டும். தமிழ்ச் சூழலுக்கு மாற்றினால் கல்யாண வரவேற்புக்குத் தைத்த கோட் அப்படியே பொருந்தும். அது பீரோவில் தூங்காத வீடு குறைவு. புகையிலை ஒழிப்பு நிகழ்ச்சிக்கு மட்டும் தயவுசெய்து இதைச் சொல்லாதீர்கள். தலைப்பைப் பார்த்து அப்படியும் கேட்பார்கள்.

பேசாத பாத்திரத்தைச் சின்ன வேடம் என்று நினைப்பது இன்னொரு தவறு. ஸ்வீடன் நாடகாசிரியர் ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் 'வலியவள்' (1889) நாடகத்தில் இரண்டு பெண்கள். ஒருத்தி மட்டுமே பேசுகிறாள். "ஒரே ஒருத்தர் மனப்பாடம் செய்தால் போதும்" என்று சொல்லி இதைத் தருவார்கள். மௌனமாக இருப்பவள் எங்கே சிரிக்கிறாள், எங்கே பார்வையைத் திருப்புகிறாள் என்பதை வைத்துத்தான் பேசுகிறவள் உண்மையைக் கண்டுபிடித்துக்கொண்டே போகிறாள். அனுபவம் கூடிய நடிகையை அந்த வேடத்தில் உட்கார வையுங்கள்.

தொலைபேசிப் பேச்சு நாடகங்களிலும் இதே சங்கதிதான். மறுமுனை ஆள் பேசுவதற்கு இடம் விடாமல் நடிகர் ஓடிவிடுவார். மறுமுனை வசனங்களைப் பிரதியில் எழுதி, முதல் நான்கைந்து ஒத்திகைகளில் வேறொருவரை வாசிக்க விட்டு, பிறகு அந்தக் குரலை எடுத்துவிடுங்கள். மௌனத்தின் நீளம் சரியாக நிற்கும்.

'ஒரே நடிகர், ஒரே மேசை, செலவே இல்லை' என்று ஐரிஷ் நாடகாசிரியர் பெக்கெட்டின் 'க்ராப்பின் கடைசி ஒலிநாடா'வைச் (1958) சொல்பவர்கள் உண்டு. 69 வயதுக்காரர் 39 வயதில் பதிவுசெய்த தன் குரலையே கேட்கும் நாடகம் அது. சுருள்நாடா இயந்திரம் வேண்டும், அதே நடிகரின் இளங்குரலை முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும், நிறுத்துவதும் ஓட்டுவதும் நொடி பிசகாமல் விழ வேண்டும். மாற்றங்களுக்குப் பெக்கெட் தரப்பு எளிதில் ஒப்பாது என்பதும் தெரிந்ததே. மேடை விஷயமும் இதோடு சேர்ந்ததுதான்: மாலை ஐந்து மணிப் பந்தலில் விளக்கணைப்பு எடுபடாது, மின்விசிறி இரைச்சலில் கிசுகிசுப்பு எடுபடாது.

தழுவலைப் பரிந்துரைப்பவர்கள் ஊர்ப் பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். செகாவின் 'திருமண வேண்டுகோள்' (1888) பத்தாம் வகுப்பு என்சிஇஆர்டி ஆங்கிலப் பாடநூலில் இருப்பதால் பலருக்கும் தெரிந்த கதை. பெண் கேட்க வந்தவன், பெண்ணோடு ஒரு துண்டு நிலத்துக்காகச் சண்டை போட்டு வெளியேறுகிறான். திரும்ப அழைத்து வந்தால் நாய்களைப் பற்றிச் சண்டை. வரப்புத் தகராறு தமிழில் தானாக வந்து உட்காரும். நாயைக் காளையாக மாற்றத் தேவையே இல்லை, சிப்பிப்பாறையா ராஜபாளையமா என்றாலே போதும். இடிப்பது வேறு இடத்தில்: நம் ஊரில் பெரியவர்கள் இல்லாமல் மாப்பிள்ளை தனியாகப் பெண் கேட்க வரமாட்டான். அவனைப் பெற்றோர் இல்லாத முறைப்பையனாக ஆக்கினால் அந்த ஓட்டை அடைபடும். வேலை நாளில் பட்டு வேட்டியோடு வந்து நிற்பவனைக் கண்டு, கடன் கேட்க வந்திருக்கிறான் என்று பெண்ணின் அப்பாவான மாமா முதலில் நினைப்பதும் அப்படியே நிற்கும். இயக்குநருக்கு ஒரு குறிப்பும் சேர்த்து எழுதுங்கள்: வந்தவன் தன்னைத்தான் கேட்க வந்தான் என்று தெரிந்ததும் அவள் "கூப்பிடுங்க அவரை!" என்று அலறும் இடத்துக்குக் குரலில் மிச்சம் வேண்டும். நிலச் சண்டையிலேயே உச்சத்துக்குப் போய்விட்டால் பிறகு ஏற மாடி இல்லை.

உரிமை விஷயத்தில், "பழைய நாடகம்தானே" என்று சொல்லிவிடக் கூடாது. இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. 2018-இல் மறைந்த தமிழ் நாடகாசிரியர் ந. முத்துசாமியின் நாடகங்களுக்கு 2078 முடியும்வரை அனுமதி வேண்டும். செகாவுக்கு வேண்டாம், ஆனால் நீங்கள் கையிலெடுக்கும் தமிழ் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை இருக்கலாம். மாணவர்களும் ஆசிரியர்களும் நடித்து, அவர்களும் பெற்றோரும் மட்டுமே பார்த்தால் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. சீட்டு விற்றுப் பொதுமக்களை அழைத்தால் அந்த விலக்கை நம்ப முடியாது.

பரிந்துரையை இந்த அளவுக்கு எழுதினால் கேட்டவருக்குப் பயன்படும்:

'திருமண வேண்டுகோள்', செகாவ். ஆண் 2, பெண் 1. வெட்டாமல் சுமார் 30 நிமிடம்; போட்டி என்றால் உரக்கப் படித்து 24-க்குள் வெட்டவும். ஒரே அறை, நாற்காலி மூன்று, மேசை, தண்ணீர்க் குவளை. விளக்கு மாற்றம் இல்லை, பந்தலிலும் நடத்தலாம். மாப்பிள்ளை வேடத்துக்குப் படபடப்பும் மயக்கமும் உண்டு. விழப் பழகியவர் வேண்டும். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு கிடைத்தால் பத்து வரி வாய்விட்டுப் பேசிப் பார்க்கவும். நாக்கு இடறினால் வசனத்தை உங்கள் ஊர்ப் பேச்சில் புதிதாக எழுதிக்கொள்ளவும்.