குடியரசுக்கு மன்னர் வேண்டுமா? மலையக விவாத மேடைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘புதிதாகப் பிறந்த குடியரசுக்கு மக்களாட்சியை விட முடியாட்சியே பொருத்தம்.’ உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தத் தலைப்பைக் கொடுத்தால் ஓர் அணி ஊழல் அரசியல்வாதிகளைத் திட்டும், மற்ற அணி கொடுங்கோல் மன்னர்களைத் திட்டும். கைதட்டல் கிடைக்கும், தலைப்பை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஹட்டன் பக்கத்தில் அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வாக்குரிமையை ஒருமுறை இழந்த சமூகத்தின் பிள்ளைகள் இந்தத் தலைப்பில் மேலோட்டமாகப் பேசிவிட்டு இறங்குவது எனக்கு மனம் ஒப்பவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இளம் குடியரசுகளில் முடியாட்சியைப் புகழ்ந்தவர்கள் எல்லோரையும் ஒரே கணக்கில் சேர்ப்பது முதல் தவறு. 1787 ஜூன் 18 அன்று பிலடெல்பியாவில், அமெரிக்க அரசியலமைப்பை வரையக் கூடிய சபையில் அலெக்ஸாண்டர் ஹமில்டன் மணிக்கணக்கில் பேசினார். உலகிலேயே சிறந்த அரசாங்கம் பிரித்தானியாவினுடையது என்றார். சில வருடங்களுக்கு மட்டும் பதவிக்கு வருகிறவரை வெளிநாட்டுப் பணம் வாங்கிவிடலாம். பரம்பரையாக ஆளும் மன்னரின் நலனும் நாட்டின் நலனும் பின்னிக் கிடப்பதால் அவரை வாங்குவது கடினம் என்பது அவர் சொன்ன காரணம். கனமான வாதம்தான். ஆனால் அவர் முன்வைத்த திட்டத்தில் பரம்பரை முடி இல்லை. வாக்காளர் குழு தெரிவு செய்து, நன்னடத்தை உள்ளவரை பதவியில் இருக்கும் ஒரு தலைவர்; கூடவே மூன்று வருடத்துக்கு ஒருமுறை மக்கள் தெரிவு செய்யும் கீழ்ச்சபை. இதை ‘ஹமில்டன் மன்னர் கேட்டார்’ என்று ஒரு வரியில் முடித்தால் எதிரணிக்கு வேலை மிச்சம்.

‘இராணுவம் வொஷிங்டனுக்குக் கிரீடம் சூட்டப் பார்த்தது’ என்பதும் பிள்ளைகள் அடிக்கடி சொல்வது. 1782 மே மாதம் அப்படி ஒரு யோசனையை வொஷிங்டனுக்குக் கடிதமாக எழுதியவர் லூயிஸ் நிக்கோலா என்ற ஒரு கேணல். சம்பளம் கிடைக்காத படையினருக்கு மேற்கே காணி கொடுத்து, அங்கே மன்னர் போன்ற ஒருவரின் கீழ் தனி அரசு அமைக்கலாம் என்பது அவருடைய யோசனை. வொஷிங்டன் அன்றே கடுமையாக மறுத்துப் பதில் எழுதிவிட்டார். சம்பள நிலுவையை விட்டுவிட்டுக் கிரீடத்தை மட்டும் பேசினால், மன்னர் வேண்டும் என்ற எண்ணம் எங்கே பிறக்கிறது என்பதே தெரியாமல் போகும். நாட்சம்பளத்துக்காகப் போராடும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்தவே தேவையில்லை.

அடுத்தது பாதி மேற்கோள். சீனா 1912இல் குடியரசானது. 1915இல் ஜனாதிபதி யுவான் ஷிகாயின் ஆலோசகரான அமெரிக்கர் பிராங்க் குட்நவ், சீனாவுக்கு முடியாட்சியே பொருந்தும் என்று குறிப்பு எழுதினார். தலைவர் இறந்தால் அடுத்தவர் யார் என்ற சண்டை நாட்டைக் குலைத்துவிடும் என்று அவர் பயந்தார். ஆனால் நிபந்தனைகளும் வைத்தார்: மக்களும் வெளிநாடுகளும் எதிர்க்கக் கூடாது, வாரிசு யார் என்பதில் சட்டம் ஐயம் வைக்கக் கூடாது, அரசியலமைப்பு ஆட்சி வளர வழி இருக்க வேண்டும். யுவானின் ஆட்கள் நிபந்தனைகளை விட்டுவிட்டுக் குறிப்பைத் தூக்கிக்கொண்டார்கள். பிரதிநிதிகள் 1,993 பேரும் முடியாட்சிக்கே வாக்களித்ததாக அறிவித்தார்கள். யுன்னானில் கிளர்ச்சி வெடித்தது. 1916 மார்ச்சில் யுவான் முடியைக் கைவிட்டார், ஜூனில் இறந்தார். குட்நவைக் காட்டிப் பேசும் பிள்ளை நிபந்தனைகளையும் சொல்லட்டும்.

இனி நம் கதை. கண்டிக்குச் சுற்றுலா போகும் பிள்ளைகள் மகுல் மடுவவின் செதுக்கிய மரத்தூண்களுக்குக் கீழே நின்று, 1815 மார்ச் 2 அன்று இங்கேதான் முடியாட்சி முடிந்தது என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். அன்று முடிந்தது கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் ஆட்சி. கண்டி ஒப்பந்தம் அவரை நீக்கி, இராச்சியத்தைப் பிரித்தானிய முடியிடம் ஒப்படைத்தது. இலங்கையில் முடியாட்சி முடிந்த நாள், நாடு குடியரசான 1972 மே 22.

இந்தத் திகதியைத் தவறவிடுவதால்தான் மலையக மேடையின் மிகப் பெரிய தவறு நடக்கிறது. 1947 தேர்தலில் இந்திய வம்சாவளித் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த வருடமே அந்த மக்களில் பெரும்பாலானோரைப் பிரஜைகளாக ஏற்காத பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம். தோட்ட மக்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து போயின. ‘பெரும்பான்மை கைதூக்கிப் பறித்தது; மன்னர் ஒருவர் இருந்திருந்தால் காப்பாற்றியிருப்பார்’ என்று ஒரு பிள்ளை தொண்டை அடைக்கப் பேசும்போது மண்டபமே அந்தப் பக்கம் சாயும். அந்த வேதனையில் பொய் இல்லை, வரலாற்றில்தான் பிழை. 1948இல் இலங்கைக்கு மன்னர் இருந்தார். ஆறாம் ஜோர்ஜ். அவருடைய பெயரில் மகாதேசாதிபதி ஒப்புதல் கொடுத்த பிறகே அது சட்டமானது.

கட்சிகளுக்கு மேலே நின்று, எண்ணிக்கையில் குறைந்தவர்களைக் காப்பவர் மன்னர் என்பது முடியாட்சி வாதங்களிலேயே மிக உயர்ந்தது. அது நம் லயங்களில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளில், சோதிக்கப்பட்டது. ஒரு சமூகத்தின் மீது மட்டும் சுமை ஏற்றும் சட்டத்தை, சுதந்திரத்தின்போது இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு தடுத்தது. அதை நம்பித் தொடரப்பட்ட கோடகன் பிள்ளை வழக்கு, அன்று இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் கோமறைக் கழகம் வரை போனது. 1953இல் அரசியின் அந்த மன்றமும் சட்டங்கள் செல்லும் என்றே தீர்த்தது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றவர்களாகியிருந்த நம் மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கு போட்டபோதும் அரச தலைவி எலிசபெத் மகாராணியே. அரசியலமைப்புக்குக் கட்டுப்பட்ட மன்னர் அமைச்சர்களின் சொற்படிதான் நடக்க முடியும். கட்டுப்படாத மன்னரிடம் காக்கும் அதிகாரம் இருக்கும், நசுக்கும் அதிகாரமும் இருக்கும். இந்த முடிச்சை அவிழ்க்காத முடியாட்சி அணிக்கு நான் வெற்றி கொடுக்க மாட்டேன்.

மக்களாட்சி அணியின் தவறு, குடியரசின் ஆரம்ப வருடங்களை மறைப்பது. 1972 அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு இல்லாமல் போனது. 1973, 74இல் தோட்டங்களில் பட்டினியால் மக்கள் இறந்தார்கள். ‘வெள்ளைக்காரத் துரை காலத்தில் அரிசியாவது கிடைத்தது’ என்று சொல்லும் பாட்டியை மேடையில் மட்டம் தட்ட வேண்டாம். அவர் பசியை நேரில் கண்டவர். அவருக்குப் பதில் சொல்ல 1977க்கு வாருங்கள். அந்த வருடம் தோட்டத் தொழிலாளர் தலைவர் எஸ். தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனார். மலையக வாக்கு மறுபடி கணக்கில் சேர்ந்தது, கட்சிகளுக்கு அது தேவைப்பட்டது. நாடற்றிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் அந்தத் தேவையோடு சேர்ந்து வந்தவை. இதைச் சொல்லும்போது, 1948க்கும் 2003க்கும் இடையில் 55 வருடங்கள் போயின என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். எதிரணி அதைக் கட்டாயம் எடுக்கும்.