பெயிண்ட் அடித்ததும் படுத்த ஹெரால்டு

பாளையங்கோட்டை வீட்டு ஷெட்டிலேயே இரண்டு கதவு வைத்த பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் பிரித்து, பெயிண்ட் அடித்து வாங்கி, திரும்ப மாட்டினேன். சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் முனகும், இன்ஜின் சுற்றாது. புது பேட்டரி போட்டேன். ஜங்ஷன் பக்கம் கொடுத்து ஸ்டார்ட்டருக்குக் கார்பன் பிரஷ் மாற்றினேன். அதே முனகல்தான்.

அப்புறம் ஒருநாள், செல்ஃப் அடித்துக்கொண்டே சோக்கை இழுத்தபோது கேபிள் கையைச் சுட்டது. டேஷ்போர்டிலிருந்து இன்ஜின் கார்புரேட்டருக்குப் போகும் வெறும் இழுவைக் கம்பி அது; சோக் கேபிளுக்கு என்ன சூடு? இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டில். கரண்ட் பாடிக்குத் திரும்ப, இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டைதான் வழி. அந்தப் பட்டையோ பெயிண்ட் மேல் முடுக்கியிருந்தது; பெயிண்ட் கரண்டை விடாது. ஸ்டார்ட்டர் கரண்ட் முழுக்க அந்த மெல்லிய கேபிளைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது!

பட்டையின் இரு முனையிலும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, முடுக்கி, மேலே வாசலின் தடவினேன். முதல் திருகலிலேயே பிடித்தது, அப்பாடா. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி எர்த் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே மல்டிமீட்டர் 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஸ்டார்ட்டரைக் கழற்றாதீர்கள், பட்டையைப் பாருங்கள்.